இழுத்துப் பார்த்தால் திறக்கும் பூட்டு

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரி மறுபடியும் திறந்துகொண்டது.

ஒமாய்ரா இடது கையைக் கதவில் ஊன்றிக் குனிந்து, கைப்பிடியை லேசாகத்தான் இழுத்தாள். உள்ளே பிளீச்சிங் திரவம், எலி மருந்து, குழாய் அடைப்பு நீக்கும் அமிலம் எல்லாம் வரிசையாக நின்றன. முன்னறையில் குழந்தைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு எதைக் கண்டாலும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.

"ஏங்க, இங்க வாங்க! யாரோ தொறந்திருக்காங்க."

கதவைச் சாத்திவிட்டுக் கணவனுக்கு வழி விட்டாள். எலியேசர் இழுத்தான். அசையவில்லை.

"பூட்டித்தானே இருக்கு?"

"இப்போ பூட்டியிருக்கு. நான் பாக்கறப்போ தொறந்து இருந்துச்சு."

கொலம்பியாவின் இபாகே நகரத்து மலைச்சரிவில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை ஒமாய்ரா தன் வீட்டிலேயே பார்த்துக்கொண்டாள். போன மாதம் சோதனைக்கு வந்த அலுவலர் நோரா அம்மையார், "இந்த அலமாரிக்குப் பூட்டு வேணும். அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை வருவேன். அப்பவும் இழுத்தவுடனே தொறந்துச்சுன்னா இல்லத்தை மூடிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எலியேசர் வாங்கி மாட்டியது காந்தப் பூட்டு. அருமையான பூட்டு அது. வெளியே துளை கிடையாது, குமிழ் கிடையாது. பூட்டு இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி மட்டும் உண்டு. சாவி என்பது ஒரு கறுப்பு உருண்டை. அதைப் பலகையின் மேல் சரியான இடத்தில் வைத்தால், உள்ளே கொக்கி விலகும். கதவைச் சாத்தினால் கொக்கி தானாக விழுந்து பிடித்துக்கொள்ளும். இதில் கெட்டுப்போக எதுவுமே இல்லை.

எதுவும் கெடவில்லை என்றால் யாரோ கெடுக்கிறார்கள். ஒமாய்ராவின் கணக்கு அவ்வளவுதான்.

"டெர்லி," என்றாள்.

மூன்று வீடு தள்ளி இருந்த டெர்லி, படம் போட்ட விற்பனைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வாசனைத் தைலமும் சட்டியும் வளையலும் விற்பவள். போன வாரம்கூட ஒமாய்ராவின் மணிக்கட்டு வலிக்கு ஒரு வளையல் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தானும் குழந்தைகள் இல்லம் தொடங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம்ம இல்லம் மூடினா பிள்ளைங்க எல்லாம் அவகிட்டதானே போகும்? வெல்லம் கேக்கற சாக்குல நேரா அடுப்படிக்கு வரா."

"அவளுக்குச் சாவி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஃப்ரிட்ஜ் மேல கிடந்தா யாருக்குத்தான் தெரியாது?"

மறுநாள் எலியேசர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மதியம் ஒமாய்ரா குனிந்து, ஊன்றி, இழுத்தாள். திறந்தது.

"அவகிட்ட இன்னொரு சாவி இருக்கு," என்று சாயங்காலம் அறிவித்தாள்.

புட்டிகளையெல்லாம் துணி பீரோவின் உச்சியில் ஏற்றினாள். பிளீச்சிங் மூடி சரியாக மூடவில்லை. எலியேசரின் ஒயின் நிறக் கால்பந்துச் சட்டையின் முதுகில் ரோஜா நிறத்தில் ஒரு தேசப்படம் வந்தது.

"இந்தச் சட்டையோட நான் எப்படி மேட்ச்சுக்குப் போறது?"

"முதுகுலதானே இருக்கு, உங்களுக்குத் தெரியாது."

புட்டிகள் திரும்பவும் அலமாரிக்கே வந்தன.

அடுத்ததாக அரேப்பா ரொட்டி சுட வைத்திருந்த சோளமாவை அடுப்படித் தரையில் தூவினாள். வருகிறவளின் கால்தடம் விழுந்தே தீரும். மதியம் மாவை மிதித்துப் போய் அலமாரியை இழுத்தாள். திறந்தது. தரையைப் பார்த்தாள். தடம் ஒன்றே ஒன்றுதான்.

"என் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்திருக்கா!"

"உன் செருப்பு உன் கால்லதானே இருந்துச்சு?" என்றான் எலியேசர்.

"அங்கதான் அவ கில்லாடி."

தூங்கி எழுந்த குழந்தைகள் மாவைத் தலையில் கொட்டிக்கொண்டார்கள். கழுவித் துடைத்ததில் மணிக்கட்டு இன்னும் வீங்கியது. அன்றே டெர்லியைக் கூப்பிட்டு இரண்டாவது வளையல் வாங்கினாள்.

"சந்தேகப்படறவகிட்டயே வியாபாரமா?" என்றான் எலியேசர்.

"கண்ணு முன்னாடி வச்சாதானே கண்காணிக்க முடியும்? அவ முழியைப் பாத்தீங்களா?"

அன்றிலிருந்து பயம் வந்தபோதெல்லாம் இழுத்துப் பார்த்தாள். இழுத்தபோதெல்லாம் திறந்தது. திறந்ததால் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை நோரா அம்மையார் வந்தார். மின்செருகிகளின் மூடி, பாய்களுக்கு இடையே இடைவெளி, வெளியே வைத்த எரிவாயு உருளை எல்லாம் பார்த்தார். கடைசியாக அலமாரியை இழுத்தார். அசையவில்லை. பலமாக இழுத்தார். அசையவேயில்லை.

"நல்ல பூட்டு. எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் டெர்லியின் குரல் கேட்டது. "அக்கா, புதுப் புத்தகம் வந்திருக்கு. மேடமும் பாக்கறாங்களா?"

ஒமாய்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இருங்க. இவ வந்துட்டா. மறுபடியும் பாத்துடலாம்."

குனிந்து, ஊன்றி, இழுத்தாள். கதவு வாய் பிளந்தது.

"பாத்தீங்களா! இவதான்!"

"நான் வாசல்லயே நிக்கறேன்கா!"

அலுவலர் கதவைச் சாத்தி இழுத்தார். பூட்டியிருந்தது. ஒமாய்ரா இழுத்தாள். திறந்தது. எலியேசர் இழுத்தான். பூட்டியிருந்தது. ஒமாய்ரா தொட்டதுமே திறந்தது.

நோரா அம்மையார் பேனாவை மூடினார். "உங்க ஒருத்தருக்கு மட்டும் தொறக்குது. நாளெல்லாம் இந்த வீட்டுல இருக்கப்போறதும் நீங்கதான். இதை நான் எப்படிம்மா ஒத்துக்கறது?"

ஒமாய்ராவின் கண் கலங்கியது. முன்னறையில் யாரோ ஒரு குழந்தை எழுந்து அவளைத் தேடி அழுதது.

டெர்லி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்க்கவில்லை, அதன்மேல் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள்.

"அக்கா, வலிக்குன்னு நான் குடுத்தேனே, அது ரெண்டும் காந்த வளையல், கழட்டி வச்சுட்டு இழுங்க, தொறக்காது."