கடலைக் காணோம்!

கடலூர்க்காரர்களுக்கு ஒரு நோய் உண்டு. உலகத்துக் கடல்களின் நடத்தைக்கெல்லாம் நாங்கள்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அந்த நோய் நன்றாக முற்றியிருந்த நேரத்தில்தான் தான்சானியாவுக்குப் போனேன்.

சிதம்பரத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்த கையோடு, அங்கே ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டும் தன்னார்வப் பணிக்குத் தேர்வாகியிருந்தேன். மூன்று மாதம். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"தொண்டு செய்யணும்னா இங்க பக்கத்துல குமராட்சில செய்யேன். வெள்ளம் வந்தா அவுங்களே படகு வச்சிக் கூப்புடுவாங்க."

அம்மாவின் தம்பி குமார் மாமா சிபாரிசுக்கு வந்தார். "போயிட்டு வரட்டும் மாமா. நாலு ஊரு பாத்தாத்தான் பொண்ணுக்கு வாயி தொறக்கும்."

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஏதாச்சும் ஏடாகூடம்னு காதுல வுழுந்துச்சு, அடுத்த ஃப்ளைட்ல ஏறிடணும். அப்பறம் வெளிநாடுன்ற பேச்சே எடுக்கக் கூடாது."

ஏடாகூடத்தை நான் முதல் நாள் காலையிலேயே செய்து முடித்தேன்.

முந்தின நாள் மாலை போய் இறங்கியபோது பள்ளிக்கூடச் சுவருக்குப் பக்கத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தால் கடலைக் காணோம். படகுகள் ஒருபக்கமாய்ச் சாய்ந்து தரையில் கிடந்தன. கண்ணுக்கெட்டிய வரை ஈர மணல். நடுவில் புள்ளி புள்ளியாய்ச் சில பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அ, ஆவுக்கு முன்பே ஒன்று சொல்லித் தரப்பட்டது: கடல் உள்ளே போனால் வேடிக்கை பார்க்காதே, ஓடு.

ஓடினேன். அந்தப் பதற்றத்திலும் என் மூளை வரிசைப்படி வேலை செய்தது (இதில் எனக்குப் பெருமை வேறு). முதலில் பள்ளிக்கூட மணியை அடித்தேன். அடுத்தது பிள்ளைகள். "சுனாமி! சுனாமி!" என்று கத்திக்கொண்டே பின்னாலிருந்த மேட்டைக் காட்டினேன். முதல் பீரியட் ரத்தான சந்தோஷத்தில் பிள்ளைகள் ஆரவாரமாக ஓடினார்கள். அவர்களைப் பார்த்து டீக்கடைக்காரர் ஓடினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு ஓடினார்கள். மூன்றாவது, மணலில் நின்ற பெண்கள். மேட்டின் உச்சியிலிருந்து துப்பட்டாவைச் சுழற்றி எச்சரித்தேன். அவர்களும் பாசத்தோடு கையாட்டினார்கள்.

என் கோலம்: வாயில் பற்பசை நுரை, காலில் ஒற்றைச் செருப்பு, இடுப்பில் யாருடையதென்று தெரியாத ஒரு குழந்தை.

எல்லாருக்கும் கடைசியாக, குடை பிடித்துக்கொண்டு, நிதானமாக ஏறி வந்தார் தலைமையாசிரியை மரியமு.

"என்னம்மா ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கடல் போய்விட்டது!"

"ஆமாம், தினமும் போகும். சாப்பாட்டு நேரத்துக்கு மேல் வந்துவிடும்."

எங்கள் ஊரில் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவு தேறினால் அதிகம். அங்கே ஆளுயரத்துக்கு மேல் இறங்கி, எங்கோ போய்விட்டுத் திரும்புமாம். அந்தப் பெண்கள் கடற்பாசி பயிரிடுகிறவர்கள். வேலைக்கு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மாலையில் நகரத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். "ஊரையே கலவரப்படுத்தியிருக்கிறாய். நாளை கூடிப் பேசப் போகிறார்கள். வேண்டாம் என்றால் உன்னைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை."

பேராசிரியர் முகம் சுளித்தாலே ரெக்கார்டு நோட்டோடு நழுவிவிடும் ரகம் நான். ஆனால் எனக்காகப் பேச அங்கே மாமா இல்லை. மறுநாள் கூட்டத்தில் நானே எழுந்தேன். மரியமு மொழிபெயர்க்க, எங்கள் கரையில் சுனாமி அன்று வேடிக்கை பார்க்க நின்றவர்களைப் பற்றிச் சொன்னேன். அதுவரை இருந்த சிரிப்பு நின்றது.

பிறகு எனக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டாள்.

"நிஜமாகவே ஒருநாள் வந்தால், தண்ணீர்ப் பக்கம் இருக்கிற அம்மாக்களுக்கு மணி கேட்காது. நேற்றே கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் மேட்டுப் பாதை முள்ளில் சிக்கிக்கொண்டார்கள். தொட்டியோடு சேர்த்துப் படியும் கட்டலாம். சிவப்புக் கொடி ஏற்ற ஒரு கம்பம் நடலாம்."

பாசி பயிரிடும் பெண் ஒருத்தி எழுந்து ஏதோ சொன்னாள். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மரியமு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: "நீ இருக்கலாமாம். ஆனால் கொடியை மட்டும் உன் கையில் கொடுக்கக் கூடாதாம்."

இருந்தேன். மூன்று மாதமும் இருந்தேன். தொட்டி நிரம்பியது, படி ஏறியது, கம்பம் நின்றது. அந்தப் பள்ளியில் இப்போது வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் மேட்டுக்கு ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரேவதி ஓட்டம்'. மரியமு அனுப்பும் வீடியோவை அப்பா திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒருவர் விடாமல் காட்டிவிடுவார். வீட்டில் குழாயில் தண்ணீர் நின்றால், "ரேவதி, கடல் உள்ள பூடுச்சுடி, மணிய அடி!" என்று கூவுவதும் அவர்தான்.

போன மாதம் குமார் மாமாவின் மகள் தன்னார்வப் பணிக்கு நேபாளம் போகிறேன் என்று நின்றாள். அன்று எனக்காக வாதாடிய மாமா, சொந்தப் பெண் என்றதும் வெலவெலத்துப்போய் அப்பாவிடம் வந்தார்.

"அனுப்பு மச்சான்," என்றார் அப்பா. "எம்பொண்ணப் பாத்த இல்ல? ஒரு ஊரையே ஓட வுட்டுட்டு, எப்புடி ஆளாகி வந்து நிக்குது!"

"நேபாளத்துல கடலே இல்லியே மாமா."

அப்பா யோசித்தார்.

"அப்ப, காலையில எழுந்ததும் மலை இருக்குதான்னு ஒரு தடவ பாத்துக்கச் சொல்லு."