ஆயுத பூஜையில் நான் கொன்ற சாமுராய்

கோபம் வந்தால் என் மூளை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அது திரும்பி வருவதற்குள் வீட்டில் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவன் இதை ஒத்துக்கொள்வது கேவலம்தான். ஆனால் உண்மை.

அந்த ஆயுத பூஜையன்று, உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டில், மகள் கயல் விடிந்ததிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நெட்டப்பாக்கத்தில் அவள் மாமன் வீட்டில் இரவல் வாங்கிய வீடியோ கேம் பெட்டி. மறுநாள் திருப்பித் தரவேண்டும். திரையில் குடுமியும் வாளுமாக ஒரு ஜப்பான்காரன் கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டிக்கொண்டு போனான். அந்தக் காலத்து விளையாட்டில் பாதியில் நிறுத்தி வைக்க வழியில்லை. ஒரே மூச்சில் முடிக்கவேண்டும், இல்லையென்றால் முதலிலிருந்து. லீவு முழுக்கத் தோற்றுத் தோற்று, அன்றைக்குத்தான் கடைசிக் கோட்டை வாசலுக்கு வந்திருந்தாள். (இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாத்தியார் மகள் காலாண்டில் கணக்கில் ஃபெயில்.)

"எழுந்து போய்ப் படிடி!"

"புக்கெல்லாம் சாமிகிட்ட இருக்குப்பா. இன்னிக்குத் தொடக்கூடாது. நீதான வச்ச?"

நான்தான் வைத்தேன். கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனப் பொட்டோடு. பதில் சொல்ல முடியாத வாத்தியாரின் கோபம் பொல்லாதது. மோட்டார், சைக்கிள், மிக்ஸி என்று மஞ்சள் தண்ணீர் தெளித்து வந்தவன், சொம்போடு அங்கேயே நின்றேன்.

"வுடுங்களேன், நாளைக்குப் பொட்டி போயிடும்" என்றாள் மனைவி.

கயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவனும் கத்தி வச்சிருக்கான்பா. ஆயுதம்தான? இவனுக்கும் தெளிச்சிட்டுப் போ."

"ஆயுதமா? இந்தா, வாங்கிக்கோ!"

மாவிலையால் தெளிப்பதுதான் முறை. நான் சொம்பையே கவிழ்த்தேன்.

பெட்டி ஒரு தும்மல் போட்டது. புகை வந்தது. ஜப்பான்காரன் ஓங்கிய வாளோடு மறைந்தான், கூடவே வீட்டுக் கரண்டும். கயல் அழவில்லை. "கோட்டைக்குள்ள இன்னா இருக்குன்னு தெரியாமயே போச்சே" என்று மட்டும் சொன்னாள். தீபாவளி வரை என்னோடு பேசவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரரான என் மச்சான் அதை ஆட்டிப் பார்த்தார். மஞ்சளாகச் சொட்டியது. "இன்னா மாமா, பொட்டி வயசுக்கு வந்துடுச்சா?"

இப்போது கயலுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பழைய விளையாட்டுக்கு மறுபடியும் மவுசாம். நிறுத்தி வைக்கும் வசதியோடு புதிதாக விற்கிறார்கள். போன ஆயுத பூஜைக்கு வாங்கி வந்தாள். "நீ ஆடி முடிச்சுடும்மா" என்றேன், குற்ற உணர்ச்சியோடு. அவள் அதை என் கையில் திணித்தாள்.

"கோட்டை வாசல்லேருந்து என்னைத் தள்ளினது நீ. நீயே அங்க கொண்டுபோய் வுடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நியாயமான தண்டனை. தினமும் ஆடுகிறேன். முதல் பாலத்திலேயே ஓர் ஈட்டிக்காரன் நிற்கிறான், படுபாவி! நான் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டதும் மனைவி கூடத்துக்கு ஓடி வருகிறாள், என்னைத் தேற்ற அல்ல.

ஞாயிறுதோறும் கயல் போன் செய்கிறாள்.

"எங்கப்பா இருக்க?"

"பாலத்துல."

"சொம்பு?"

"அம்மாகிட்ட."