கடைசி வீட்டு லைன்

வரைவாளர் தம் மேஜையைச் சமையலறைக்குள் இழுத்து வந்தபோது மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாள்.

"என்னங்க இது?"

"மேஜை."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"டெலிபோன் ஒயர் வீட்டுக்குள்ள நுழையற இடமே இதுதான். மோடத்தை இங்க மாட்டினா வேகம் கூடுமாம். நெட்ல நாலு பேர் எழுதியிருக்காங்க."

அவள் கரண்டியோடு சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். பதினேழு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எதில் சண்டை போடலாம், எதில் ஒதுங்கிப் போகலாம் என்று தெரியும்.

வரைவாளருக்கு லிப்ட் செய்யும் கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்தில் லிப்ட் எப்படி ஏறி எங்கே நிற்க வேண்டும் என்று வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து அனுப்புவார். லிப்டை எட்டாவது மாடி வரை ஏற்றத் தெரிந்த மனிதருக்கு இணையத்தைத் தன் வீட்டு வாசற்படி ஏற்ற முடியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, அந்த ஒயரின் கடைசி வீடு அவருடையது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இருபது மெகாபிட் வேகம் வரும். இவருக்கு ஒன்று புள்ளி எட்டு.

திங்கட்கிழமைதோறும் அலுவலகக் கூட்டம் வீடியோவில் நடக்கும். எட்டு மாதமாக அதில் அவர் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்ததில்லை. "என் அபிப்பிராயம் என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். திரையில் எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். மறுபடி உயிர் வரும்போது முதலாளி எல்லோருக்கும் கையாட்டி விடைகொடுத்துக்கொண்டிருப்பார். லைன் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் பயம். சொன்னால், "அப்ப தினமும் ஆபீஸுக்கே வந்துடுங்க" என்பார். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஆகவே அதைப் பற்றி வரைவாளர் மூச்சே விடவில்லை.

ஆனால் மாதக் கடைசியில் தலைமை வரைவாளர் பதவிக்கு ஆள் போடப் போகிறார்கள். போட்டிக்கு இருப்பவன் ஒரு ஜூனியர். "ஆமா சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன். அவனைத் தூக்கிச் சாப்பிட நாலு வார்த்தை பேசினால் போதும். அந்த நாலு வார்த்தை போய்ச் சேர லைன் வேண்டாமா?

மோடத்தை மாட்டினார். அணைத்துவிட்டுப் போட்டார். வேகத்தைப் பார்த்தார். ஒன்று புள்ளி ஆறு.

"கூடிருச்சா?" என்றாள் மனைவி.

"கூடும், கூடும்" என்றார்.

மாமியார் அறையில் அதே லைனில் இன்னொரு டெலிபோன் இருந்தது. அதில்தான் அவர் தினமும் தன் தங்கையோடு உலக விவகாரம் பேசுவார். வரைவாளர் அதைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார்.

"மாப்பிள்ளை, என் போனை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"இது என் வேகத்தை உறிஞ்சுது அத்தை."

"நான் என் தங்கச்சிகிட்ட பேசினா உங்ககிட்ட என்னத்தை உறிஞ்சுது?"

மறுபடி அணைத்துப் போட்டார். ஒன்று புள்ளி மூன்று. மாமியார் சமையலறைக்கே வந்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் செல்போனை வாங்கித் தங்கையை அழைத்தார். அன்றைய உலக விவகாரம் முழுவதும் மாப்பிள்ளையைப் பற்றியே இருந்தது. இவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்க வேண்டியதாயிற்று.

அடுத்து ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம் வந்தது. அணைத்தார், பால் திரிந்தது. வேகமும் ஒன்றுக்கு இறங்கியது. பிறகு அழைப்பு மணியின் ஒயர் டெலிபோன் ஒயரை உரசிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்து அதை வெட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மோடத்தை அணைப்பார், போடுவார், பார்ப்பார். மூன்றாம் நாள் ஒன்றையே காணோம். புள்ளி எட்டு மட்டும் மிச்சமிருந்தது.

கேஸ் இல்லாத அடுப்பின் முன்னால் நின்று மனைவியே லைன்மேனை அழைத்தாள்.

லைன்மேன் மோடத்தைப் பார்த்தார். வரைவாளரையும் ஒருமுறை பார்த்தார்.

"கடைசியா எப்ப சார் ஆஃப் பண்ணீங்க?"

"பத்து நிமிஷம் முன்னாடி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு ஒரு கால் மணி முன்னாடி."

"எக்ஸ்சேஞ்சுல ஒரு மிஷின் இருக்கு சார். உங்க லைன் எத்தனை தடவை அறுபடுதுன்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும். அடிக்கடி அறுந்தா, 'பாவம், நோஞ்சான் லைன், மெதுவாவே வரட்டும்'னு வேகத்தைக் குறைச்சிடும். நீங்க ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணும்போதும் லைன் அறுந்துடுச்சுன்னுதான் அது நினைக்குது."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. பத்து நாளைக்கு."

"ஒண்ணுமேவா?"

"அது ஒண்ணுதாங்க இவரால முடியாது" என்றாள் மனைவி.

லைன்மேன் துருப்பிடித்த ஒரு இணைப்பை மாற்றினார். மாமியாரின் டெலிபோனுக்கு ஒரு சின்ன டப்பியை மாட்டி, "இனி இது இருந்தாலும் பாதகமில்ல" என்று திருப்பிக் கொடுத்தார். மோடத்துக்குக் காவல் இருக்க மாமியார் தாமாகவே முன்வந்தார். பத்து நாளும் வரைவாளர் அந்தப் பக்கம் போனாலே அவர் தொண்டையைச் செருமுவார். வரைவாளருக்குக் கை பரபரத்தது. கூட்டத்தில் பேச வேண்டியதையெல்லாம் எழுதி அடக்கிக்கொண்டார். பன்னிரண்டு பக்கம் வந்தது.

பதினோராம் நாள் திங்கட்கிழமை. வேகம் நாலரை மெகாபிட்! திரையில் முதலாளியின் மீசை நரை வரை தெளிவாகத் தெரிந்தது.

"என் அபிப்பிராயம் என்னன்னா..." என்றார் வரைவாளர்.

யாரும் சிலையாகவில்லை. முதலாளி ஒரு கணம் விழித்துவிட்டு, "அட, சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்.

வரைவாளர் சொன்னார். நாற்பத்து மூன்று நிமிடம் சொன்னார். ஜூனியர் வரைந்த படத்தில் ஏழு தப்பு காட்டினார். முதலாளி குறுக்கே ஏதோ கேட்க வந்தபோது, "அதுக்குத்தான் வரேன், இருங்க" என்று அவரையும் நிறுத்தினார். போன மாதம் முதலாளியே போட்ட திட்டம் எப்படித் தேறாது என்று புட்டுப் புட்டு வைத்தார். ஒரு சொல்கூட அறுபடவில்லை. எட்டு மாதப் பாரம் இறங்கியதில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பதவி நம்ம பையிலதான்" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் நம்பினாள், மேஜை பழைய இடத்துக்குப் போய்விடும் என்ற மகிழ்ச்சி அவளுக்கு.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் திரையில் திறந்துகொண்டது. தலைமை வரைவாளர் என்ற இடத்தில் ஜூனியரின் பெயர் இருந்தது.

வரைவாளர் மூன்று முறை படித்துவிட்டு அலுவலக டைப்பிஸ்டுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, பேரை மாத்தி அடிச்சுட்டீங்களா?"

"மாத்தித்தான் சார் அடிச்சேன்! 'எட்டு மாசமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம, ஆமா சார்னுகூட குறுக்கிடாம, நான் சொல்றதை அசையாம உக்காந்து கேக்குற ஒரே மனுஷன்'னு முதலாளி சொல்லச் சொல்ல, போன வாரமே உங்க பேருக்கு அடிச்சு வச்சிருந்தேன். நேத்து கூட்டம் முடிஞ்சதும் அதைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டார்."