ஸ்கோப்காரர் பார்த்த மொட்டைமாடி

ஏற்காட்டு மலையிலேயே அதிகத் தூரம் பார்க்கத் தெரிந்தவரும், பக்கத்தில் இருப்பது எதுவும் கண்ணில் படாதவரும் ஒரே ஆள்தான். ஸ்கோப்காரர் என்போம். வெள்ளக்கடையில் எனக்கு அடுத்த வீடு.

ஒரு காலத்தில், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வைத்த அட்டையைக் குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போனவர். தோள்பட்டை வலி வந்ததும் துப்பாக்கியை விட்டார். அதன் மேல் மாட்டியிருந்த ஸ்கோப்பை மட்டும் விடவில்லை. தூரத்தில் இருப்பதை அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குழாய் அது. அதை மரக்கட்டையில் பொருத்திக்கொண்டு, தினமும் காலையில் ஊர்க்கோடிப் பாறையில் குப்புறப் படுத்துவிடுவார்.

டூரிஸ்ட் ஒருவர் பயந்துபோய்ப் புகார் கொடுக்க, கான்ஸ்டபிள் வந்துவிட்டார்.

"துப்பாக்கி எங்கய்யா?"

"சுடறத உட்டு நொம்ப நாளாச்சுங்க. பாக்கறதத்தான் உடமுடியலீங்க."

கான்ஸ்டபிளும் படுத்து ஒற்றைக் கண்ணை வைத்தார். அடிவாரத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்களை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

இப்பேர்ப்பட்ட கண் வீட்டுக்குள் வேலை செய்யாது. சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் காப்பி குடிப்பார். என் மனைவியிடம் வருஷத்துக்கு ஒருமுறை, "ஊட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்களா?" என்பார். வாசலில் தினமும் வந்து நின்ற ஜீப்பின் டிரைவரை மகள் ஸ்டெல்லா காதலித்தது ஊருக்கே தெரியும்; இவர் அந்த ஜீப்பையே பார்த்ததில்லை. கல்யாணம் என்று அவள் சொன்னதும் தாம்தூம் என்று குதித்தார். சர்ச்சுக்கும் போகவில்லை. அவள் அடிவாரத்துக்குக் குடிபோனாள். பேச்சு நின்றுபோனது.

அதன் பிறகு ஸ்கோப் அடிவாரத்து மொட்டைமாடி ஒன்றை விட்டு நகரவே இல்லை. கேட்டால், "கொடியில துணி ஆடறத வச்சுக் காத்து எப்புடி அடிக்குதுன்னு பாக்கறனுங்க, தம்பி" என்பார்.

"ஒரு போன் போடுங்ணா."

"அவ போடட்டுமுங்க."

இந்த வருஷம் ஒரு வாரம் கொடியில் துணியே இல்லை. மனிதர் காப்பியில் உப்புப் போடவில்லை, காப்பியே குடிக்கவில்லை. அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தால், "அவ பேச்சு வேண்டாமுங்க" என்று எழுந்து போய்விடுவார். போய் மறுபடி பாறையில் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் காலை பாறையிலிருந்து கத்தினார்.

"தம்பி, ஓடியாங்க! கொடி நெறையக் கைக்குட்டைங்க! ஒரு ஊட்டுல இத்தன பேருக்கா சளி புடிக்கும்?"

ஓடினேன். வெயில் ஏறியிருந்ததால் ஸ்கோப்புக்குள் எல்லாம் கானலில் நெளிந்தது.

"பவரக் குறைச்சாத்தான் கானல் அடங்கும்னு நீங்கதானுங்ணா சொல்லுவீங்க?"

குறைத்துக் கொடுத்தார். பார்த்தேன்.

"கைக்குட்டை இல்லீங்ணா. கொழந்தத் துணிங்க."

அவர் மீண்டும் கண்ணை வைத்தார். அந்தத் துணிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் போர்வை. அதில் பெரிய கறுப்பு வட்டம், குறிபார்த்துச் சுடும் அட்டையில் இருப்பது போலவே. சின்ன வயதில் அப்பாவின் அட்டைகளுக்கு அந்தக் கறுப்பை அடித்துக் கொடுத்தவள் ஸ்டெல்லாதான். அவர் பாறையில் படுத்துக் கிடப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது!

"என்னயக் கூப்புடறாளுங்க, தம்பி" என்றார். ஸ்கோப் கண்ணாடி முழுக்க ஈரம். அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டார், ஸ்கோப்பைப் பாறையிலேயே மறந்துவிட்டு.

சாயங்காலம் போன் வந்தது. "பாப்பாவுக்கு மூக்கு அப்படியே ஸ்டெல்லாதானுங்க. இத்தன கிட்டத்துல பாத்தும் நல்லாத் தெரியுதுங்க!"

அங்கேயே தங்கிவிட்டார். ஸ்கோப் இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் பார்த்தால், அந்த மொட்டைமாடியில் குழந்தைத் துணி காயப்போடுவது அவர்தான். கடைசித் துணியைப் போட்டதும் மலையைப் பார்த்துக் கையாட்டுவார். அத்தனை தூரத்திலிருந்து அவருக்கு நான் தெரியப்போவதில்லை. இருந்தாலும் எழுந்து நின்று கையாட்டுகிறேன். அடுத்த வீடு பூட்டிக் கிடப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.