மஞ்சள் துணிக்குள் அழுத வண்டி

ஜமுனாமரத்தூர் சந்தையில் அன்று சாமை அரிசி வாங்க ஆளில்லை. கூட்டமெல்லாம் சக்கர சித்தர் கொட்டகையில்தான்! வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் அதன் ராசியே மாறிவிடுமாம். கண்ணாடி உறை, வீல் கப், பக்கவாட்டுப் பட்டை எல்லாம் புது ராசிக்குப் பொருந்த வேண்டுமாம். இல்லாவிட்டால் மலைப்பாதை வளைவில் வண்டி உருண்டுவிடுமாம். எந்த நிறம் என்பதை சித்தர் நூலில் தொங்கவிடும் எலுமிச்சம்பழம் ஆடிச் சொல்லும். சாமான் மட்டும் சித்தருடைய மச்சான் கடையில் கிடைக்கும். பழத்துக்கு வேறு கடை தெரியாது, பாவம்!

பூபாலன் தன் வாடகைக் காருக்குக் கரும்பச்சை அடித்திருந்தான். டயர் வாங்க வைத்திருந்த பணத்தோடு டோக்கன் வரிசையில் நின்றான். அவன் மனைவி நதியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டயர்ல கம்பி தெரியுதுய்யா. நாளைக்கு அதே வண்டிலதான் நம்ம புள்ளைங்க மலை எறங்கணும்."

"சாமி சொல்ற கலர் போட்டா டயர் தானா புடிச்சிக்கும். நீ சும்மா இரு."

புதுப் பெயிண்டுக்குக் கண் பட்டுவிடும் என்று, வண்டிகளை மஞ்சள் துணியால் மூடி வைக்கச் சொல்வது சித்தரின் சட்டம். நதியா தங்கள் கார் மேல் கிடந்த துணியைப் பார்த்தாள். பக்கத்தில் அடுக்கியிருந்த புளி மூட்டைகளைப் பார்த்தாள். மூட்டை தூக்கும் கருப்பனைக் கூப்பிட்டாள்.

காரைச் சந்தையோரக் கோயிலுக்குப் பின்னால் அவளே ஓட்டிப்போய் நிறுத்தினாள். கார் நின்ற இடத்தில் கருப்பன் மூட்டைகளைக் கார் போலவே முன்னால் தாழ்வாக, நடுவில் உயரமாக அடுக்கினான். மேலே அதே மஞ்சள் துணி.

பூபாலனின் முறை வந்தது. சித்தர் மஞ்சள் துணியருகே வந்தார். "இன்னா கலரு?" என்று கேட்டுக்கொண்டார். ஞானத்துக்கு அந்தச் சின்ன உதவி தேவை. கண்ணை மூடிப் பழத்தை ஆட்டினார்.

"வண்டி உள்ள அழுவுது! கண்ணாடிக்குத் தங்க உறை, வீலுக்குச் செவப்பு வளையம் கேக்குது."

"இன்ஜின் எப்படி சாமி?" என்றாள் நதியா.

"சூடு கையில அடிக்குது பாரும்மா!"

அவள் துணியை உருவினாள். பதினாறு மூட்டை புளி.

"செவப்பு வளையம் எந்த மூட்டைக்கு சாமி?" என்றான் கருப்பன். சந்தையே சிரித்தது.

"புளிக்குள்ளயும் ஆத்மா இருக்கு..." என்றபடி சித்தர் பின்வாங்கினார். அடுத்த பஸ்ஸில் அவரும் மச்சானும் ஏறியதைப் பலர் பார்த்தார்கள்.

பூபாலன் நதியாவோடு கோயிலுக்குப் பின்னால் போய்க் குனிந்து டயரைத் தடவினான். விரலில் கம்பி குத்தியது. "டயர் கடை மூடறதுக்குள்ள போலாம், ஏறு" என்றான்.

டயர் மாட்டி முடித்ததும் நதியா அந்தக் கடையிலிருந்த வெள்ளிப் பட்டை ஒன்றையும் கறுப்புப் பட்டை ஒன்றையும் வெயிலில் கதவின் மேல் வைத்துப் பார்த்தாள். கரும்பச்சைக்கு வெள்ளி எடுப்பாக இருந்தது. அதைச் சொல்லக் கண்ணே போதுமானதாக இருந்தது. சித்தர் விட்டுப்போன எலுமிச்சம்பழம் ரசத்துக்குப் போயிற்று.

ஆனால் சந்தையில் ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்: "புளி மூட்டைக்கு எந்தக் கலர் சாக்கு ராசின்னு சாமி சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

மூட்டைகளின் மேல் கிடந்த துணியை நதியா உருவிவிட்டாள். ஐயா, உங்கள் மூளையின் மேல் கிடப்பதை நீங்கள்தான் உருவ வேண்டும்!