முதல் எண்ணை எழுதாதவர்

பதினோரு வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை. ஒரகடத்தில் நிக்கல் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் தண்ணீர் சோதிக்கிற வேலை எனக்கு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்துச் சொன்ன முதல் எண் கசப்பாக இருந்தால், அதை ஒருத்தரும் நோட்டில் ஏற்றவிட்டதில்லை.

காரணம், மறுபடிவைப்பார் என்கிற இனம். ஆபீசுக்கு ஒருத்தர், வீட்டுக்கு ஒருத்தர் நிச்சயம் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் குவாலிட்டி சூப்பர்வைசர் ஜீவானந்தம் சார். எடைமெஷினில் ஏறுவார், கூடக் காட்டினால் இறங்கி, செருப்பைக் கழற்றி, பர்சை எடுத்து வைத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறுவார். மகள் கல்யாணத்துக்காக வல்லக்கோட்டை முருகனிடம் பூக்கட்டிப் பார்த்தபோது சிவப்பு வந்தது, வேண்டாம் என்று அர்த்தம். சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார். அதுவும் சிவப்பு. மூன்றாவது தடவை முருகனே அலுத்துப்போய் வெள்ளையைக் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் காலேஜிலிருந்து மதிவதனி என்று ஓர் ஆராய்ச்சிப் பெண், கைக்கு அடக்கமாக ஒரு கருவி கொண்டுவந்தாள். அதில் சொருக ஒரு சின்னப் பட்டை. பட்டையின் நுனியில் தங்கப் பூச்சு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத புரதத் துணுக்கு. தண்ணீரில் வைத்தால் அந்தத் துணுக்கு நிக்கலை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததற்குத் தக்கபடி மின்சாரம் மாறும். திரையில் எண் வரும். இருபதுக்குள் வந்தால் குடிக்கலாம்.

"ஒரு பட்டை ஒரு தடவைக்குத்தான், அண்ணா. புடிச்சா விடாது" என்றாள்.

எனக்கு அந்தக் குணம் பிடித்துவிட்டது. சாருக்குப் பிடிக்கவில்லை.

அவள் ஒரு பெட்டி பட்டையைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவின் போர் தண்ணீரை வைத்தோம். தெருவே புகார் கொடுத்திருந்தது. அறுபத்தொன்று.

"மறுபடி வை."

ஐம்பத்தெட்டு.

"உன் கை நடுங்குது பலராமா. இன்னா, டீ குடிக்கலியா? மறுபடி வை."

அறுபத்துநாலு.

"தண்ணி கலங்கலா கீதுய்யா, மெஷினு இன்னா பண்ணும்? கொஞ்சம் கேன் தண்ணி ஊத்தி, தெளிஞ்சதும் வை."

பதினேழு.

"இதான்யா கரெக்ட்டு. எழுது."

எழுதினேன். அந்தப் பதினேழைக் காட்டித்தான் எங்கள் தெருவுக்கு வரவிருந்த தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணு இன்றைக்கும் அந்தப் போர் தண்ணீரில்தான் சோறு வடிக்கிறாள். நோட்டில் இருப்பது என் கையெழுத்து. அவளிடம் நான் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? சர்க்கரை இருநூறு காட்டினால் லேப்காரனைத் திட்டிவிட்டு வேறு லேப் தேடிப் போகிறீர்களே, தொண்ணூறு காட்டிய அன்றைக்குப் போனதுண்டா? பிள்ளையின் மார்க் குறைந்தால் மறுகூட்டலுக்கு எழுதிப் போடுகிறோம், கூடிவிட்டால் லட்டுதான். கெட்ட எண்ணுக்குத்தான் மறுபடி. நல்ல எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. மறுபடிவைப்பார் இனத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிற ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

சார் இந்தத் தை மாதம் எங்கள் அடுத்த தெருவில் வீடு கட்டிக் குடிவந்தார். இடம் மலிவு. அவருக்கும் போர்தான். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போன திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குமுன், கூல்டிரிங்க் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். பெட்டியில் இரண்டு பட்டைதான் மிச்சம்.

வைத்தேன். பதினொன்று.

"நல்லா வந்துருச்சு சார்" என்று பேனாவை எடுத்தேன்.

சார் திரையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். என் நோட்டைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"ஏன்யா, பட்டை பழசாயிருக்குமோ?"

"எண்ணு நல்ல எண்ணுதான் சார்."

"அதான்யா பயமா கீது."

கடைசிப் பட்டையை அவரே பிரித்து என்னிடம் நீட்டினார்.

"மறுபடி வை பலராமா. கேன் தண்ணி ஊத்தாம வை."