மடியிலிருந்து வந்த திருநீறு

இண்டூர் அம்மனின் கண்மேல் சாத்தும் வெள்ளிக் கண்மலர் காணாமல் போனது. அதைக் கண்டுபிடிக்க மாயவச்சாமி வருகிறார் என்றதும் பாலக்கோட்டிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, வெள்ளாமை முடிந்த மாதம். சனங்களுக்கும் வேறு வேலை இல்லை. சாமி, மந்திரவாதிகளுக்குப் பேர்போன கொள்ளேகாலம் போய் வந்தவராம். எதற்குப் போனார் என்று கேட்டவர் இல்லை.

ஊராரை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு உள்ளங்கையிலும் திருநீறு பூசி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். களவாடிய கை இரத்தம் கக்குமாம். எல்லாருக்கும் தட்டிலிருந்து திருநீறு. கோயில் கூட்டும் காவேரிக்கு மட்டும் தன் மடியிலிருந்து. அவள் கை குப்பென்று சிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பொழுது சாயறதுக்குள்ள ஊர விட்டுப் போயிரணும்" என்றார் மணியக்காரர் மாரப்பன்.

"நான் எடுக்கலீங்க" என்று காவேரி அழுதாள். சிவந்த கையை வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்?

அவளுடைய ஓரகத்தி ராமக்கா முன்னால் வந்தாள். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் ஆரத்தி கரைப்பவள் அவள்தான்.

"சாமி, அதே மடித் திருநீற என் கையில போடுங்க. தண்ணி வேணாம். வெறும் மஞ்சத்தூளத் தூவுங்க."

ஊரே பார்க்கிறது, தூவினார். கை சிவக்கவில்லை.

"தண்ணி ஊத்தலீன்னா அம்மனுக்குத் திருடி தெரியாதுங்களா?" என்றவள், கையிலிருந்ததைச் சாமியின் உள்ளங்கையில் தட்டி, சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். சாமியின் கை இரத்தமாய்ச் சிவந்தது.

"இப்ப ஊர விட்டு யாரு போறதுங்க, மணியக்காரரே?"

மணியக்காரர் வானத்தைப் பார்த்தார். ராமக்கா தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து காவேரியின் கையில் கவிழ்த்தாள். சிவப்பு போய் மஞ்சள் வந்தது.

"பாவம் போயிருச்சு. ரசத்துக்குக் கரைச்ச புளிதாங்க."

மடியில் இருந்தது சுண்ணாம்புத் தூள். காய்ந்து கிடக்கும்வரை அது சாது. நீரில் கரைந்தால்தான் பிரிந்து, மின்னேற்றம் கொண்ட அயனிகளை வெளியே விடும். மஞ்சளைச் சிவக்க வைப்பவை அவைதான். புளியின் அமிலமும் நீரில் தன் அயனிகளை விடும். இவையும் அவையும் கூடித் தண்ணீராகிவிட்டால் மஞ்சள் மறுபடி மஞ்சள். இதில் அம்மனுக்கு ஒரு வேலையும் இல்லை.

சாமி செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார். காவேரி மறுநாளும் கோயில் கூட்டினாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி சுற்றிய கைகளே அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மன் கண்ணை எடுத்தவன் எவனோ, தெரியவில்லை. நம் கண்ணை நாமே கழற்றிச் சாமியின் தட்டில் வைத்தோமே, அதைக் கண்டுபிடிக்க எந்தச் சாமியைக் கூப்பிடுவது?